குளிர்காலத்துக்கு கார் வாக்ஸ்: எத வாங்குறது, எப்படி போடுறது, எவ்வளவு நாள் நிக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி பெய்ஞ்சு ரோட்ல உப்பு கொட்டுற இடத்துல கார் ஓட்டுறவங்க சீசன் ஆரம்பிக்கும்போது கேக்கிற கேள்விங்கதான் இதெல்லாம். என் அனுபவத்துல முக்கால்வாசி பேரு எந்த டப்பா வாங்குறதுன்னு ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிறாங்க, ஆனா போடுறதுக்கு முன்னாடி காரை ஒழுங்கா கழுவுறதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டேங்கிறாங்க. அதனால டப்பாவ பத்தி கம்மியாவும் கைவேலைய பத்தி அதிகமாவும் எழுதியிருக்கேன்.

வாக்ஸ் நிஜமாவே பெயிண்டை காப்பாத்துமா, இல்ல சும்மா பளபளப்புக்கு மட்டும்தானா?

காப்பாத்தும், ஆனா கவசம் மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. பெயிண்டுக்கு மேல இருக்கிற நிறமில்லாத பாதுகாப்பு படலம், அதாவது கிளியர் கோட்டே சுமாரா 40, 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடிய விட மெல்லிசு. வாக்ஸ் படலம் ஒரு மைக்ரானோ அதுக்கும் கீழயோ. இது கல்லடிய தடுக்காது, பக்கத்து கார் கதவு இடிச்சா தடுக்காது. பின்ன என்னதான் செய்யும்னா, அழுக்கும் உப்பும் தாரும் பெயிண்டோட நேரா ஒட்டாம நடுவுல நிக்கும், அதனால கழுவும்போது தண்ணி அடிச்சாலே பாதி அழுக்கு இறங்கிடும், நீங்க தேய்க்கிற அளவு குறையும். குளிர்காலத்துல பெயிண்ட்ல விழற மெல்லிசான கீறல்ல பெரும்பங்கு மண்ணும் உப்பும் கலந்த அழுக்க துணியால தேய்க்கிறதால வர்றதுதான். தேய்ப்பு குறைஞ்சா கீறல் குறையும், அவ்வளவுதான் கணக்கு.

ரோட்ல போடுற உப்பு பெயிண்டை அரிச்சுடுமா?

நல்லா இருக்கிற கிளியர் கோட்டை உப்பு சுலபத்துல ஒண்ணும் பண்ணாது. பிரச்சினை கல்லடி பட்டு பெயிண்ட் பேந்து இரும்பு தெரியுற இடத்துலதான். உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்தும், அதனால துரு பிடிக்கிற வேலை வெறும் தண்ணிய விட வேகமா நடக்கும், அப்புறம் அந்த துரு பக்கத்துல இருக்கிற நல்ல பெயிண்டுக்கு அடியில பூந்து கொப்புளமா கிளப்பும். ரொம்ப குளிர்ற இடங்கள்ல சாதா உப்போட கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசலும் தெளிப்பாங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், அதனால மழையே இல்லாட்டியும் கார் அடிப்பாகம் பிசுபிசுன்னு ஈரமாவே கிடக்கும்.

இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, உப்போட வர்ற காரை சூடான கராஜுல கொண்டு போய் நிறுத்தினா துரு இன்னும் வேகமாத்தான் பிடிக்கும். வெளிய உறையுற குளிர்ல கிடந்தா அந்த வேதிவினையே மெதுவாயிடும். கராஜ் இருக்குங்கறதுக்காக கழுவாம விட்டுடாதீங்க.

வாக்ஸ் போடுறதுக்கு முன்னாடி காரை ஒரு சுத்து சுத்தி வந்து பெயிண்ட் பேந்த புள்ளிங்கள டச்-அப் பெயிண்ட் வெச்சு அடைச்சு நல்லா காய விடுங்க. வாக்ஸ் போட்ட பிறகு அடைச்சா அந்த பெயிண்ட் ஒட்டாது.

கார்னாபா வாக்ஸா, சீலண்ட்டா, செராமிக்கா? குளிர்காலத்துக்கு எது?

கார்னாபாங்கிறது வடகிழக்கு பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகையோட ஓலையில இருந்து எடுக்கிற மெழுகு. 80 டிகிரி செல்சியஸுக்கு மேலதான் உருகும், அவ்வளவு கெட்டி, தனியா எடுத்து காருல தேய்க்கவே முடியாது. எண்ணெயும் சால்வெண்ட்டும் (கரைப்பான்) வேற மெழுகும் கலந்துதான் டப்பாவுல வரும். அடர் கலர் கார்ல அது குடுக்கிற ஆழமான பளபளப்பு எனக்கும் பிடிக்கும், ஆனா சுத்தமான கார்னாபா வகைங்க உப்பும் அடிக்கடி கழுவுறதுமா போற சீசன்ல ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல தாக்குப்பிடிக்கிறது கஷ்டம்.

சீலண்ட்டுன்னா ஆய்வகத்துல செஞ்ச பாலிமர். ஷாம்பூ, உப்பு எல்லாத்துக்கும் கார்னாபாவ விட நல்லா தாங்கும், நாலஞ்சு மாசம் எதிர்பார்க்கலாம். பளபளப்பு கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும், சிலருக்கு பிடிக்கும் சிலருக்கு பிடிக்காது. ஆனா ஒண்ணு, ஜனவரி மாசம் சேறு அப்பின கார்ல பளபளப்போட தரத்தை யாரும் பார்க்கப்போறதில்ல.

ரெண்டையும் கலந்த ஹைப்ரிட் வகையும் இருக்கு. வீட்டுல தானே போடுறவங்களுக்கு இந்த ஹைப்ரிட் பேஸ்ட்டோ இல்ல சீலண்ட்டோதான் என் சிபாரிசு.

செராமிக் கோட்டிங்கிறது பெயிண்ட் மேல கெட்டியா இறுகுற திரவப் பூச்சு, வருஷக்கணக்குல நிக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா அதுக்கு கீழ பெயிண்ட் எப்படி இருக்கோ அப்படியே சிறைபிடிச்ச மாதிரி மூடிடும், கீறல் இருந்தா கீறலோட. அதனால முன்னாடியே பாலிஷ் பண்ணணும், துடைக்கிற நேரம் தப்பினா திட்டு திட்டா நின்னுடும், அதை எடுக்க மறுபடி பாலிஷ் மெஷின்தான். முதல் தடவையா, அதுவும் குளிர் ஆரம்பிச்ச பிறகு, திறந்த வெளியில நின்னு செராமிக் போடப்போறேன்னு யாராவது சொன்னா நான் வேணாம்னுதான் சொல்வேன்.

பேர் சொல்லுங்களேன், எந்த பிராண்ட்?

கண்டிப்பா இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். காலினைட் 845, காலினைட் 476எஸ் ரெண்டும் ரொம்ப காலமா குளிர்காலத்துக்குன்னே பேர் வாங்கினது. 845க்கு இன்சுலேட்டர் வாக்ஸ்னு பேரு, திரவமா வரும், போடுறது சுலபம். 476எஸ் கெட்டி பேஸ்ட், இன்னும் கொஞ்சம் நாள் கூட நிக்கும், ஆனா கை வலிக்கும். ஃபினிஷ் கேர் 1000பி பேஸ்ட் மாதிரி இருக்கிற சீலண்ட், சக்கரத்துக்கும் நல்லா வேலை செய்யும். ஜப்பான்காரங்களோட சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட்டுல வெளிர் கலருக்கு ஒண்ணு, அடர் கலருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும், பார்த்து வாங்குங்க. இதுல எத எடுத்தாலும் தப்பில்ல, வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவு பெரிசில்ல.

வாங்கக்கூடாதது எதுன்னா கிளீனர் வாக்ஸ்னு எழுதியிருக்கிறது. அதுல அழுக்கெடுக்கிற மெல்லிய தேய்ப்புப்பொடி கலந்திருக்கும், ஒரே வேலையில சுத்தமும் ஆகும் பளபளப்பும் வரும், ஆனா நாள் நிக்காது.

டப்பாவுல 12 மாசம்னு போட்டிருக்கே, நம்பலாமா?

பாதியா எடுத்துக்கோங்க, அதுலயும் உப்பு ரோடுன்னா இன்னும் கொஞ்சம் கழிச்சுக்கோங்க. கார் எங்க நிக்குது, எத்தனை தடவை கழுவுறீங்க, எந்த ஷாம்பூ, இதெல்லாம் சேர்ந்துதான் நாளை தீர்மானிக்கும்.

எப்ப போடணும்? குளிர் வந்த பிறகு போட்டா ஒட்டாதா?

உப்பு வண்டி ரோட்டுக்கு வர்றதுக்கு ஒரு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல இருக்கிற ஒரு காய்ஞ்ச நாள் பார்த்து போடுறதுதான் நல்லது. 10ல இருந்து 25 டிகிரி வரைக்கும் வசதியான வேலை. அதுக்கு கீழ போனா வாக்ஸ்ல இருக்கிற சால்வெண்ட் ஆவியாக நேரம் எடுக்கும், காயாம வழுவழுன்னு இழுத்துக்கிட்டே இருக்கும். ஈரப்பதம் இன்னொரு தொல்லை, சாயங்காலம் ஆனதும் கண்ணுக்கு தெரியாத பனித்துளி பாடி மேல இறங்க ஆரம்பிச்சிடும், அதுக்கு மேல போடுற வாக்ஸ் ஒழுங்கா பிடிக்காது. அதனால காலைல கழுவி, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுற மாதிரி ப்ளான் பண்ணுங்க. வெயில்ல சுடுற பானட் மேலயும் போடக்கூடாது, தொட்டா ஜில்லுன்னு இல்லாம சுடாம இருக்கணும்.

லேட் ஆயிடுச்சு, ஏற்கனவே குளிர் வந்துடுச்சுன்னா மூடின கராஜுல ராத்திரி முழுக்க நிறுத்தி பாடி சூடாகட்டும், அப்புறம் போடுங்க. கராஜுக்குள்ள காத்து சூடா இருந்து இரும்பு இன்னும் ஜில்லுன்னு இருந்தா பிரயோஜனமில்ல, பார்க்க வேண்டியது பாடியோட சூட்டைத்தான். திரவ வாக்ஸ் குளிர்ல கெட்டியாயிடுச்சுன்னா பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வெச்சு நல்லா குலுக்குங்க.

பழைய வாக்ஸ் மேலயே புதுசு போட்டா என்ன ஆகும்?

கார்னாபா மேல கார்னாபான்னா பரவாயில்ல. ஆனா சீலண்ட் போடப்போறீங்கன்னா அது வெறும் பெயிண்ட்லதான் நல்லா பிடிக்கும், பழைய மெழுகு எண்ணெய் மேல போட்டா அந்த எண்ணெய் போகும்போது இதுவும் சேர்ந்து போயிடும். நாலு மாசம் நிக்க வேண்டியது நாலு வாரத்துல காணாம போறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், மக்கள் என்னவோ பிராண்டை திட்டுவாங்க.

தலைகீழா பண்ணலாம், கீழ சீலண்ட் போட்டு நல்லா காய்ஞ்ச பிறகு மேல கார்னாபா.

அப்ப தயார் பண்றது எப்படி? வரிசையா சொல்லுங்க.

முதல்ல கைய வைக்காம தண்ணிய பீய்ச்சி அடிச்சு மண்ணை இறக்குங்க. அப்புறம் ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி, கையுறை மாதிரி இருக்கிற வாஷ் மிட்டை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்பூவுல முக்கணும். மேல இருந்து கீழ வாங்க, கதவோட அடிப்பாகமும் பின் பம்பரும் கடைசி.

கழுவின பிறகு சக்கரத்துக்கு பின்னாடி இருக்கிற பகுதியில கருப்பு புள்ளி புள்ளியா தார் இருக்கும், அதுக்கு தார் ரிமூவர். அப்புறம் அயர்ன் ரிமூவர் அடிச்சா பிரேக்ல இருந்து வந்து பெயிண்ட்ல குத்திக்கிட்டு இருக்கிற இரும்புத்தூள் கரைஞ்சு ஊதா கலர்ல வழியும். முதல் தடவை பார்க்கிறவங்க பயந்துடுவாங்க, கார் ரத்தம் கக்குற மாதிரி இருக்கும். நாத்தம் தாங்காது, காத்தோட்டமா நின்னு பண்ணுங்க, காய விடாம தண்ணி அடிச்சு எடுத்துடுங்க.

இப்ப ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் கவரை கைவிரல்ல மாட்டிக்கிட்டு பானட்டை தடவிப் பாருங்க. வெறும் கைக்கு வழவழன்னு தெரிஞ்சது இப்ப நறநறன்னு தெரியும். தெரிஞ்சா கிளே பார், அதாவது ஒட்டின அழுக்க இழுத்தெடுக்கிற களிமண் மாதிரி கட்டி, போடணும், நிறைய வழுக்குத்திரவம் தெளிச்சு லேசா முன்னும் பின்னும் நகர்த்தினா போதும், அழுத்தாதீங்க. கிளே கீழ விழுந்துச்சுன்னா அதோட ஆயுள் முடிஞ்சது, எடுத்து திரும்ப கார்ல வெச்சீங்கன்னா மண்ணை வெச்சு தேய்ச்ச மாதிரி.

கடைசியா தண்ணி கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ ரெடிமேடா வர்ற பேனல் வைப்புங்கிற துடைப்புத் திரவமோ வெச்சு துடைச்சிடுங்க, எண்ணெய்ப்பசை மிச்சம் இருந்தா போயிடும்.

பாலிஷ் கண்டிப்பா பண்ணணுமா?

இல்ல. வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியுறது உங்களை உறுத்துச்சுன்னா பண்ணுங்க, வாக்ஸ் நிக்கிறதுக்கு அது அவசியமில்ல. ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டை கொஞ்சம் தின்னும்ங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கிளியர் கோட்டே இல்லாத பழைய வகை பெயிண்ட்னா துணியில கார் கலர் வரும், அது சாதாரணம்தான்.

சரி, போடுறது எப்படி?

கஞ்சத்தனமா. இந்த ஒரு வார்த்தைய பிடிச்சுக்கிட்டாலே பாதி வேலை ஒழுங்கா நடக்கும். நான் முதல் தடவை போட்டப்ப நிறைய போட்டா நிறைய நாள் நிக்கும்னு நினைச்சு முகத்துக்கு பவுடர் அப்புற மாதிரி கார் முழுக்க ஒரே நேரத்துல அப்பிட்டேன், சாயங்காலக் குளிர் வேற, எல்லாம் கல்லு மாதிரி இறுகிப்போய் ராத்திரி டார்ச் பிடிச்சுக்கிட்டு தோள்பட்டை கழண்டு போற அளவு துடைச்சேன், அப்பவும் காலைல பார்த்தா கூரையில திட்டு திட்டா இருந்துச்சு. அதிகமா போட்டதெல்லாம் துணியிலதான் போகும், பெயிண்ட்ல பிடிக்கிறது அடியில இருக்கிற மெல்லிசான ஒரு படலம் மட்டும்தான்.

ஃபோம் பேடை லேசா தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, பேஸ்ட்ல ஒரு அரை சுத்து சுத்தினா போதும், ஒரு கதவுக்கு அது தாராளம். போட்ட இடத்தை நேரா பார்த்தா ஒண்ணும் தெரியக்கூடாது, சாய்ச்சுப் பார்த்தா மங்கலா ஒரு ஆவி படிஞ்ச மாதிரி தெரியணும், அந்த அளவு. வட்டமா தேய்க்கிறதா நேரா தேய்க்கிறதான்னு சண்டை போடுவாங்க, சுத்தமான பெயிண்ட்ல எப்படி தேய்ச்சாலும் ஒண்ணுதான், இடம் விடாம போடுங்க.

476எஸ் மாதிரி கெட்டி வாக்ஸுன்னா ஒவ்வொரு பேனலா (கதவு, பானட் மாதிரி ஒவ்வொரு பாகமா) போட்டு துடைச்சிட்டு அடுத்ததுக்கு போங்க. மெதுவா காயிற சீலண்ட்னா கார் முழுக்க போட்டுட்டு முதல்ல போட்ட இடத்துல இருந்து துடைக்க ஆரம்பிக்கலாம். எதுக்கும் லேபிள்ல என்ன சொல்லியிருக்குன்னு ஒரு தடவை படிச்சிடுங்க.

துடைக்கிற நேரம் வந்துடுச்சுன்னு எப்படி தெரியும்?

சுத்தமான விரலால ஒரு கோடு இழுங்க. கோடு தெளிவா விழுந்தா ரெடி. தடம் எண்ணெயா இழுவினா இன்னும் காயல. குளிர் நாள்ல வழக்கமா அஞ்சு பத்து நிமிஷத்துல ஆகிறதுக்கு அரை மணி நேரம் கூட ஆகலாம், பொறுங்க.

துடைக்க ரெண்டு மைக்ரோஃபைபர் துணி, முதல் துணி பெரும்பாலானதை எடுக்கும், ரெண்டாவது மிச்சத்தை. துவைக்கும்போது துணி மென்மையாக்கி போடவே போடாதீங்க, அது நாருக்குள்ள படிஞ்சு துணி உறிஞ்சாம இழுவும்.

ரெண்டாவது கோட் போட்டா ரெண்டு மடங்கு நிக்குமா?

நிக்காது. முதல் தடவை விட்டுப்போன இடத்தை ரெண்டாவது கோட் மூடும், அதுக்காக போடுறதுதான் அது. சால்வெண்ட் உள்ள வாக்ஸுன்னா புது கோட் பழசை கொஞ்சம் கரைக்கவும் செய்யும், அதனால மூணு நாலு அஞ்சுன்னு அடுக்கிக்கிட்டே போறதுல அர்த்தமில்ல. முதல் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது 12 மணி நேரம் இடைவெளி விடுங்க, அந்த நேரத்துல கார் நனையக்கூடாது.

கார் முழுக்க ரெண்டு கோட் போட நேரமில்லன்னா, ரெண்டாவது கோட்டை காரோட கீழ் பாதிக்கு மட்டும் போடுங்க. சக்கரத்துக்கு பின்னாடி, கதவோட கீழ் மூணில் ஒரு பங்கு, பின் பம்பர், டிக்கி மூடி. உப்புத்தண்ணி நேரா பீய்ச்சி அடிக்கிறது அங்கதான், வாக்ஸ் முதல்ல போறதும் அங்கதான், ஆனா எல்லாரும் பானட்டையே பளபளப்பா தேய்ச்சுக்கிட்டு நிப்பாங்க.

வேற எந்த இடமெல்லாம் விட்டுப்போகும்?

கதவை திறந்தா தெரியுற விளிம்பு, கதவுக்கு அடியில மிதிச்சு ஏறுற பட்டை, டிக்கி மூடியோட உள்விளிம்பு, பெட்ரோல் மூடி உள்பக்கம். அலாய் சக்கரத்தையும் நல்லா சுத்தம் பண்ணி சீலண்ட் போட்டு வெச்சீங்கன்னா பிரேக் தூசி சுட்டு ஒட்டாது, வெறும் தண்ணிக்கே பெரும்பாலும் போயிடும். குளிர்கால டயர் மாத்தும்போது சக்கரம் கழட்டித்தானே இருக்கும், அப்ப பண்றது வசதி.

கார் அடிப்பாகத்துக்கு இந்த வாக்ஸ் எதுவும் உதவாது, அதுக்கு தனியா துருத்தடுப்பு மெழுகோ எண்ணெயோ அடிப்பாங்க, அது வேற வேலை.

ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் அடிப்படையிலான ரப்பர் க்ரீஸ் லேசா தடவுங்க, காலைல கதவு உறைஞ்சு ஒட்டிக்காது.

முன் கண்ணாடிக்கும் அதே வாக்ஸ் போடலாமா?

வேணாம். வைப்பர் ஓடும்போது இழுவி ராத்திரி எதிர்வண்டி வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. கண்ணாடிக்குன்னு தனியா வர்ற தண்ணிவிலக்கி போடுங்க.

வாக்ஸ் கருப்பு பிளாஸ்டிக்ல பட்டு வெள்ளையா ஆயிடுச்சு!

எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். மிருதுவான பிரஷ்ஷும் ஆல்பர்பஸ் கிளீனரும் வெச்சு தேய்ங்க, சொரசொரப்பான பிளாஸ்டிக்ல ரெண்டு மூணு தடவை ஆகும். அடுத்த தடவை முன்னாடியே பெயிண்டர் டேப் ஒட்டிடுங்க.

புது கார், ரீபெயிண்ட் பண்ணின கார், பளபளப்பில்லாத மேட் பெயிண்ட்?

ஃபேக்டரியில பெயிண்டை அடுப்புல சுட்டு இறுக்கிடுவாங்க, அதனால புது காருக்கு முதல் நாளே போடலாம். பட்டறையில பெயிண்ட் அடிச்ச பேனல்னா உள்ள இருக்கிற சால்வெண்ட் வெளியேறணும், பெயிண்டை பொறுத்து 30ல இருந்து 90 நாள் வரைக்கும் காத்திருக்க சொல்வாங்க, அடிச்சவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. மேட் பெயிண்டுக்கு சாதா வாக்ஸ் பக்கமே போகாதீங்க, திட்டு திட்டா மினுங்கும், அதுக்குன்னு தனி சீலண்ட் இருக்கு.

குளிர்காலத்துல எப்படி கழுவுறது? கழுவினா வாக்ஸ் போயிடாதா?

கழுவாம விடுறதுதான் மோசம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது, வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல வர்ற நாள்ல கழுவுங்க, அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுக்கும் நல்லா தண்ணி அடிங்க. பிஹெச் நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்பூ வாக்ஸை பெரிசா ஒண்ணும் பண்ணாது. பாத்திரம் கழுவுற சோப்பு வேணாம். கைபடாம கழுவுற ஆட்டோமேட்டிக் மெஷின்ல காரம் அதிகமான ரசாயனம் போடுவாங்க, அது வாக்ஸை கொஞ்சம் கொஞ்சமா தின்னும், ஆனா உப்போட விடுறதுக்கு அது எவ்வளவோ மேல். சுழல்ற பிரஷ் மெஷின்தான் நான் தவிர்ப்பேன், முன்னாடி போன காரோட மண்ணு அந்த பிரஷ்ல இருக்கும்.

கழுவின உடனே கதவு விளிம்பு, பூட்டு, பீடிங் எல்லாம் துடைச்சு கதவை ரெண்டு தடவை திறந்து மூடுங்க, இல்லாட்டி ராத்திரி உறைஞ்சுடும். உறைஞ்ச கண்ணாடி மேல சுடுதண்ணி ஊத்துறது விரிசல்ல போய் முடியும்.

பனிய எப்படி தள்ளுறது?

நாரு பிரஷ் பெயிண்ட் மேல படவே கூடாது. ஃபோம் தலை வெச்ச தள்ளி வாங்குங்க, அதையும் அடி வரைக்கும் அழுத்தாம மேல ஒரு விரக்கடை பனிய விட்டுட்டு தள்ளுங்க, மிச்சம் தானா போகட்டும். ஐஸ் சுரண்டி கண்ணாடிக்கு மட்டும்.

தண்ணி முத்து முத்தா நிக்க மாட்டேங்குது, வாக்ஸ் போயிடுச்சா?

அவசரப்படாதீங்க. பாதி நேரம் வாக்ஸ் அங்கதான் இருக்கும், மேல அழுக்குப்படலம் மூடியிருக்கும். ஒரு தடவை நல்லா கழுவி, தார் இரும்புத்தூள் எடுத்துட்டு மறுபடி தண்ணி ஊத்திப் பாருங்க. முத்து திரும்ப வந்தா வாக்ஸ் உயிரோட இருக்கு. அப்பவும் தண்ணி சப்பையா பரவி அங்கயே தேங்கி நின்னா போயிடுச்சுன்னு அர்த்தம். சில சீலண்ட் முத்தா நிக்காம தண்ணிய மொத்தமா வழுக்கி விடுற மாதிரி இருக்கும், அதுவும் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்.

நடு குளிர்காலத்துல போயிடுச்சுன்னா என்ன பண்றது?

மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம். கழுவி ஈரமா இருக்கும்போதே அடிச்சு தண்ணியில அலசுற ஸ்ப்ரே சீலண்ட் கிடைக்குது, சிலிக்கா கலந்தது, கார் முழுக்க பத்து நிமிஷம். அதை நிறைய அடிச்சாலும் திட்டு விழும், ஒரு பேனலுக்கு ரெண்டு அடி, உடனே தண்ணி, அவ்வளவுதான். ஒரு மாசம் போல தாங்கும், திரும்ப அடிச்சுக்கலாம். நான் இப்பல்லாம் முத்து மங்குற வரைக்கும் காத்திருக்காம ரெண்டு கழுவலுக்கு ஒரு தடவை கீழ் பாதிக்கு மட்டும் அடிச்சு விட்டுடறேன். பனி முடிஞ்சு உப்பு நின்ன பிறகு ஒரு நாள் அயர்ன் ரிமூவர்ல இருந்து எல்லாத்தையும் உரிச்சு எடுத்துட்டு, அப்ப ஆசை தீர கார்னாபா போட்டுக்கோங்க.